ஓட்டையின் விளிம்பு

(சிறுதொழில் நடத்துவோர், ஆலைப் பொறுப்பாளர்கள், கட்டடக்கலை மாணவர்கள் கூடியிருந்த அவையில் கோவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சல்லடைத் தகடு வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "கிலோ என்ன விலை?" அடுத்துக் கேட்பது, "துரு பிடிக்காதே?" இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் ஆர்டர் கைமாறிவிடுகிறது. பஞ்சிங் பிரஸ்ஸின் சத்தத்திலேயே வயது போனவன் நான். முழுத் தகடு வாங்குகிறவருக்கு இந்த இரண்டு கேள்வியும் போதும். ஓட்டை போட்ட தகட்டுக்குப் போதாது. ஏன் போதாது என்பதைச் சொல்லத்தான் இன்று உங்கள் முன்னால் நிற்கிறேன்.

ஒரு கணக்கிலிருந்து தொடங்குகிறேன். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் தகடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டை இல்லாதபோது அதன் வெட்டு விளிம்பு நான்கு பக்கமும் சேர்த்து 4 மீட்டர். அதே தகட்டில் 3 மில்லிமீட்டர் ஓட்டைகளை, மையத்துக்கு மையம் 5 மில்லிமீட்டர் இடைவெளியில், வரிசை மாற்றி வரிசை நெருக்கி அடிக்கிறோம். சந்தையில் அதிகம் விற்கும் அளவுகளில் இது ஒன்று. ஓட்டைகளின் எண்ணிக்கை 46 ஆயிரத்தைத் தாண்டும். ஒவ்வொரு ஓட்டையின் சுற்றளவும் ஏறக்குறைய 9.4 மில்லிமீட்டர். பெருக்கிப் பாருங்கள். 4 மீட்டராக இருந்த விளிம்பு 435 மீட்டர் ஆகிவிட்டது. 1 மில்லிமீட்டர் ஓட்டை, 2 மில்லிமீட்டர் இடைவெளி என்றால் 900 மீட்டரைத் தாண்டும்.

உலோகங்களை ஒப்பிடும்போது இந்த 435 மீட்டரில் அந்த உலோகம் எப்படி நடந்துகொள்கிறது என்றுதான் கேட்க வேண்டும். துரு தொடங்குவது அங்கே. பூச்சு மெலிவது அங்கே. விரிசல் பிறப்பதும் தேய்மானம் ஆரம்பிப்பதும் அங்கேதான். தகட்டின் பரப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும், அதன் ஆயுளை நிர்ணயிப்பது விளிம்பு.

அந்த விளிம்பைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். எம்எஸ் எனப்படும் மெதுவான இரும்பில், 1 மில்லிமீட்டர் தகட்டில் போட்ட ஓட்டையை வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பஞ்ச் இறங்கிய பக்கத்தில் ஓரம் லேசாக உள்வாங்கி மழுங்கியிருக்கும். அதற்குக் கீழே பளபளப்பான ஒரு வளையம். பஞ்ச் உண்மையிலேயே வெட்டியது அந்த அளவுதான். மெதுவான இரும்பில் அது தடிமனில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். அதற்கும் கீழே சாம்பல் நிறத்தில் சொரசொரப்பான பகுதி. அங்கே உலோகம் வெட்டுப்படவில்லை, பிய்ந்திருக்கிறது. கடைசியாக அடிப்பக்கத்தில், விரலைத் தடவினால் கீறுகிற பிசிறு.

இன்னொன்றும் தெரியும். ஓட்டை நேர் உருளையாக இருக்காது. பஞ்ச் இறங்கும் குழியான டை, பஞ்சைவிடச் சற்றுப் பெரியது. தடிமனில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஒவ்வொரு பக்கமும் இடைவெளி விடுவது வழக்கம். அதனால் மேலே 3 மில்லிமீட்டராகத் தொடங்கும் ஓட்டை கீழே 3.2 வரை விரியும். அரிசி ஆலைக்காரர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சல்லடையைப் பொருத்தும்போது வழவழப்பான பக்கம் மேலே, அதாவது தானியம் விழும் பக்கத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் குறுகிய வாயில் நுழைந்த குருணை விரிந்த வழியில் சிக்காமல் விழும். தலைகீழாக மாட்டினால் அகலமான வாயில் நுழைந்து குறுகிய கழுத்தில் மாட்டிக்கொள்ளும். சல்லடை அடைக்கிறது என்று உலோகத்தை மாற்றச் சொல்லி வருகிறவர்களில் பலருக்கு, தகட்டைத் திருப்பிப் போட்டாலே போதுமானதாக இருந்திருக்கிறது.

இந்த விளிம்பு உலோகத்துக்கு உலோகம் மாறும். அலுமினியமும் செம்பும் மெதுவானவை என்பதால் மழுங்கலும் பிசிறும் அதிகம். பஞ்சில் ஒட்டிக்கொள்ளும் குணமும் அலுமினியத்துக்கு உண்டு, எண்ணெய் சரியாக இல்லாவிட்டால் விளிம்பு கிழிந்த மாதிரி வரும். பித்தளை கச்சிதமாக வெட்டுப்படும். எவர்சில்வர் அடிக்க அடிக்க இறுகுகிற உலோகம். பஞ்ச் பட்ட இடம் தகட்டின் மற்ற இடங்களைவிடக் கடினமாகிவிடும்.

பிரஸ்ஸுக்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பதிலும் இந்த வேறுபாடு தெரியும். 1 மில்லிமீட்டர் தடிமனில் ஒரே ஒரு 3 மில்லிமீட்டர் ஓட்டை போட எம்எஸ்ஸுக்குச் சுமார் 330 கிலோ அழுத்தம் வேண்டும். 304 என்ற ரக எவர்சில்வருக்கு அது 480 கிலோவை ஒட்டிப் போகும். மெதுவான அலுமினியத்துக்கு 80 கிலோவே அதிகம். ஒரு வரிசையில் நூறு பஞ்ச் இறங்குகிறது என்றால் வித்தியாசம் என்ன என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எவர்சில்வர் சல்லடையின் கூலி ஏன் கூடுதல் என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். பஞ்ச் சீக்கிரம் மழுங்குகிறது, சில சமயம் ஒடிகிறது. எம்எஸ்ஸில் தகட்டின் தடிமன் அளவுக்கே ஓட்டை போடலாம். எவர்சில்வரில் தடிமனைப் போல ஒன்றரை மடங்காவது ஓட்டை பெரிதாக இருக்கட்டும் என்பது பட்டறைகளில் எல்லோரும் மதிக்கும் விதி.

இனி ஒவ்வொன்றாக வருகிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு நேரம் கொடுக்கப் போவதில்லை.

எம்எஸ் நம் தொழிலின் அன்றாடச் சோறு. விலை குறைவு, வளைக்கலாம், வெல்டு வைக்கலாம், காந்தம் பிடிக்கும். ஒலிபெருக்கியின் முன்மூடி பெரும்பாலும் எம்எஸ் தகடாக இருப்பதற்கு விலையோடு அந்தக் காந்த குணமும் காரணம். மூடியைத் திருகில்லாமல் காந்தத்தாலேயே நிறுத்திவிடலாம். இதன் பலவீனம் எல்லோரும் அறிந்த துரு. "பவுடர் கோட்டிங் போட்டுவிட்டால் தீர்ந்தது" என்று நினைக்கிறோம். முழுத் தகட்டில் அது ஓரளவு சரி. சல்லடையில் நடப்பது வேறு. மின்னூட்டம் பெற்ற பவுடர் தகட்டின் முகத்துக்குத்தான் ஓடி ஒட்டும், ஓட்டையின் உட்சுவருக்குள் எளிதில் போகாது. அடுப்பில் உருகும்போது கூர்மையான விளிம்பிலிருந்து பூச்சு பின்வாங்கவும் செய்யும். பிசிறின் நுனியில் மிஞ்சுவது பெயருக்கு ஒரு படலம். கடற்கரை ஊர் ஒன்றில் ஒரு வீட்டு மாடியின் மறைப்புத் தகடுகளை இரண்டாவது மழைக்காலம் முடிந்தபின் பார்த்தேன். முகப்பு நல்ல வெள்ளையாகவே இருந்தது. ஒவ்வொரு ஓட்டையின் கீழ் உதட்டிலிருந்தும் பழுப்புக் கோடு ஒன்று வழிந்திருந்தது. ஆயிரக்கணக்கான கோடுகள். பூச்சு போட்டவர் பவுடரில் கஞ்சத்தனம் செய்யவில்லை. பிசிறை நீக்காமல், அடியில் துத்தநாகம் கலந்த பிரைமர் போடாமல் பூசியதுதான் குறை. எம்எஸ் வெளியிடத்துக்கு ஆகாது என்று நான் சொல்ல மாட்டேன். பிசிறு நீக்கி, பாஸ்பேட் குளியல் கொடுத்து, துத்தநாகப் பிரைமர் அடித்து, அதன்மேல் பவுடர் போட்டால் கடலுக்குத் தள்ளியுள்ள ஊர்களில் நன்றாக நிற்கும். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தபின் எம்எஸ் மலிவு என்று சொல்லுங்கள்.

ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு பற்றி இரண்டு விதமான தவறான எண்ணம் உண்டு. ஒரு சாரார், "ஓட்டை போட்டால் விளிம்பில் துத்தநாகம் போய்விடும், அப்புறம் ஜிஐ எதற்கு?" என்கிறார்கள். இன்னொரு சாரார், "ஜிஐதானே, துருவே வராது" என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது உண்மை. துத்தநாகம் இரும்பை மூடிக் காப்பதோடு நிற்பதில்லை. ஈரம் பட்டால் இரும்புக்கு முன்னால் தானே கரைந்து, பக்கத்தில் இருக்கும் இரும்பைக் காப்பாற்றும். தகடு மெல்லியதாக, 0.8 அல்லது 1 மில்லிமீட்டராக இருந்தால், மேலும் கீழும் உள்ள துத்தநாகம் நடுவிலுள்ள வெட்டு முகத்தையும் காக்கும். 3 மில்லிமீட்டர் தகட்டில் அதற்கு எட்டாது. துத்தநாகம் எவ்வளவு இருக்கிறது என்பதையும் பாருங்கள். சதுர மீட்டருக்கு 120 கிராம் பூச்சு என்று எழுதியிருந்தால் அது இரண்டு பக்கமும் சேர்த்து. ஒரு பக்கத்துக்கு எட்டு மைக்ரானை ஒட்டித்தான் வரும். 275 கிராம் என்றால் பக்கத்துக்குப் பத்தொன்பது மைக்ரான்.

ஓட்டை போட்ட பிறகு துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுக்கும் வழியும் இருக்கிறது. 450 டிகிரி வெப்பத்தில் உருகி நிற்கும் துத்தநாகத்தில் முக்கும்போது விளிம்பு உட்பட எல்லா இடமும் பூச்சு பெறும், 1.5 முதல் 3 மில்லிமீட்டர் தடிமனுக்குச் சராசரி 55 மைக்ரானாவது இருக்க வேண்டும் என்பது தர விதி. விளிம்புக்கு இதைவிடப் பாதுகாப்பு வேறில்லை. ஆனால் 2, 3 மில்லிமீட்டர் ஓட்டைகளில் துத்தநாகம் படலமாக நின்று பல கண்களை அடைத்துவிடும். மெல்லிய தகடு அந்தச் சூட்டில் நெளியும். ஆகவே நடைபாதைத் தகடு, பெரிய ஓட்டை வேலி, கனமான கல் சலிக்கும் சல்லடை இவற்றுக்கு முக்கி எடுங்கள்; மெல்லிய, சிறு கண் தகட்டுக்கு ஏற்கெனவே பூச்சிட்ட ஜிஐயையே வெட்டுங்கள்.

எவர்சில்வருக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் ஏமாற்றம் அதிகம் நடப்பது இங்கேதான். 1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை உருக்கினார். அதன் ரகசியம் குரோமியம். 304 ரகத்தில் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். காற்று பட்டதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குரோமிய ஆக்சைடு படலம் தானாக உருவாகிறது. கீறினால் மறுபடி உருவாகிறது. சல்லடைக்கு இதைவிடப் பொருத்தமான குணம் கிடையாது. பூச்சு என்று தனியாக ஒன்று இல்லாததால், 435 மீட்டர் வெட்டு விளிம்பும் மேல் முகமும் ஒரே பொருள். அதனால்தான் பால், மருந்து, பழச்சாறு ஆலைகளில் எவர்சில்வரைத் தவிர வேறு பேச்சில்லை. துணி துவைக்கும் இயந்திரத்தின் ஓட்டை உருளையும் இதே காரணத்தால்தான் எவர்சில்வருக்கு மாறியது. உணவுத் தொழிலுக்கென்றால் எலெக்ட்ரோ பாலிஷும் கேளுங்கள். அது பிசிறை முதலில் கரைத்து, விளிம்பை உருண்டையாக்கி, மேற்பரப்பில் குரோமியத்தின் பங்கையும் கூட்டிவிடும்.

இதில் எச்சரிக்கை இரண்டு. முதலாவது, பட்டறையில் நடப்பது. காலையில் எம்எஸ் அடித்த அதே பஞ்ச், டை, மேசையில் மாலையில் எவர்சில்வரை அடித்தால் நுண்ணிய இரும்புத் துகள் விளிம்பில் அழுந்திவிடும். ஒரு வாரம் ஈரத்தில் இருந்தால் ஒவ்வொரு கண்ணைச் சுற்றியும் பழுப்புப் புள்ளி. வாங்கியவர் "இது எவர்சில்வரே இல்லை" என்று சண்டைக்கு வருவார். உலோகம் அசல்தான்; அழுக்குத்தான் துருப்பிடித்தது. நைட்ரிக் அல்லது சிட்ரிக் அமிலக் குளியல் கொடுத்துக் கழுவினால் போய்விடும். எவர்சில்வருக்குத் தனிக் கருவிகள், தனி மேசை வைத்திருக்கும் பட்டறையைத் தேடுங்கள்.

இரண்டாவது, காந்தம் வைத்துப் பார்க்கும் பழக்கம். காந்தம் ஒட்டாவிட்டால் அசல், ஒட்டினால் போலி என்று கடை வாசலிலேயே தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள். நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்துச் செய்யும் 200 வரிசை ரகங்களிலும் காந்தம் ஒட்டாது. அவை விலை மலிவு, துருவைத் தாங்கும் திறன் 304-ஐவிடக் குறைவு. 430 ரகத்தில் காந்தம் நன்றாகப் பிடிக்கும். அது முறையான எவர்சில்வர்தான், நிக்கல் சேராதது. எல்லாவற்றுக்கும் மேல், அசல் 304-இல்கூட ஓட்டை போட்ட பிறகு விளிம்பில் காந்தம் லேசாகப் பிடிக்கும். அடி வாங்கி இறுகிய இடத்தில் அதன் உள் அமைப்பே மாறிவிடுவதால் வரும் விளைவு அது. ஆயிரக்கணக்கான அடி வாங்கிய சல்லடைத் தகட்டில் காந்தச் சோதனை செய்து அசலைத் திருப்பி அனுப்பி, போலியை வரவேற்கிறோம். ரகம் தெரிய வேண்டுமென்றால் ஆலைச் சோதனைச் சான்றிதழ் கேளுங்கள், அல்லது ஒரு துண்டை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

கடலோரத்தில் 304-உம் தளரும். உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தைத் துளைக்கிறது. 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்த்த 316 அதைத் தாங்கும். சென்னையிலும் தூத்துக்குடியிலும் கடலைப் பார்த்த முகப்புக்கு 304 போட்டுவிட்டுப் பழுப்புக் கறைக்காக வருடா வருடம் ஆள் வைத்துத் துடைப்பதைவிட, முதலிலேயே 316-க்குக் காசு கொடுப்பது மேல் என்பது என் தீர்மானமான கருத்து.

அலுமினியத்துக்கு வருகிறேன். இங்கே ஒரு போர்க்காலக் கதை எல்லாப் பாடப் புத்தகத்தையும்விடத் தெளிவாகப் பேசும். 1941 இறுதியில் அமெரிக்க ராணுவம் வட கரோலினாவிலுள்ள மார்ஸ்டன் என்ற ஊருக்கு அருகில் ஒரு புதிய பொருளைச் சோதித்தது. சேற்று நிலத்தில் விமான ஓடுபாதை அமைக்க, ஓட்டை போட்ட எஃகுப் பலகைகள். ஒவ்வொன்றும் 10 அடி நீளம், 15 அங்குல அகலம், மூன்று வரிசையில் 87 ஓட்டைகள். ஒன்றோடொன்று கொக்கி மாட்டித் தரையில் விரித்தால் ஓடுபாதை தயார். ஓட்டைகள் எடையைக் குறைத்தன, தண்ணீரை வடித்தன. அவற்றின் உதட்டை மடித்திருந்ததால் பலகைக்கு விறைப்பும் கிடைத்தது. எஃகுப் பலகை 66 பவுண்டு, அதாவது 30 கிலோ. 5,000 அடி நீளம், 150 அடி அகலம் விரிக்க 60 ஆயிரம் பலகைகள் வேண்டும். எடை 1,800 டன். விமானத்தில் கொண்டுபோக வேண்டிய இடங்களுக்காக அதே பலகையை அலுமினியக் கலவையிலும் செய்தார்கள். எடை 32.5 பவுண்டு.

அலுமினியத்தின் அடர்த்தி எஃகின் அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்கு. பலகை மட்டும் ஏன் பாதி எடையில் நின்றது? அலுமினியத்தின் விறைப்பும் எஃகின் விறைப்பில் மூன்றில் ஒரு பங்குதான். அதே அளவு வளையாமல் நிற்க வேண்டுமென்றால் தடிமனை ஏறக்குறைய 1.4 மடங்கு கூட்ட வேண்டும். கூட்டியபின் எடை பாதிக்கு வந்து நிற்கும். சல்லடைத் தகட்டை அலுமினியத்துக்கு மாற்றும் கட்டடக்கலைஞர்கள் இதை மறந்துவிடக் கூடாது. 1 மில்லிமீட்டர் எஃகு வரைபடத்தில் பொருளின் பெயரை மட்டும் மாற்றி எழுதினால் முகப்பு காற்றில் படபடக்கும்.

கதையின் அடுத்த பாதி இன்னும் முக்கியம். எஃகுப் பலகை தாங்கிய சுமைச் சுற்றுகளில் பாதியைத்தான் அலுமினியப் பலகை தாங்கியது. விமானம் இறங்கும்போதெல்லாம் வளைந்து நிமிரும் பலகையில் விரிசல் எங்கே தொடங்கும்? ஓட்டையின் விளிம்பில். அகலமான தகட்டை இழுத்தால் நடுவிலுள்ள வட்ட ஓட்டையின் ஓரத்தில் அழுத்தம் மூன்று மடங்காகும் என்று ஜெர்மானியப் பொறியாளர் கிர்ஷ் 1898-இலேயே கணக்கிட்டுக் காட்டினார். எஃகுக்கு ஒரு வரம்பு உண்டு. அதற்குக் கீழே எத்தனை லட்சம் முறை ஆட்டினாலும் களைத்து உடையாது. அலுமினியத்துக்கு அப்படித் திட்டமான வரம்பு இல்லை. சிறு ஆட்டமும் சேர்ந்து சேர்ந்து ஒருநாள் விரிசலாகும். ஆகவே இடைவிடாமல் அதிரும் சல்லடை இயந்திரத்துக்கு, எடை குறையும் என்ற ஆசையில் அலுமினியம் வாங்காதீர்கள்.

அசையாமல் நிற்கும் இடத்தில் அலுமினியம் அருமையான பொருள். வெயில் மறைப்பு, கூரைக்கு அடியில் ஒலி அடக்கும் பலகை, கட்டட முகப்பு. எவர்சில்வர் மாதிரியே தன் ஆக்சைடு படலத்தால் தன்னையே காத்துக்கொள்ளும். வெட்டு விளிம்புக்கும் அந்தக் காப்பு உண்டு. ஓட்டை போட்டபின் அனோடைஸ் செய்தால் விளிம்புக்குள்ளும் படலம் தடிக்கும். கடலோரத்துக்கு மக்னீசியம் சேர்த்த 5052 நல்ல ரகம். சிமென்ட்டுச் சாந்து ஈரமாக மேலே விழ விடாதீர்கள். காரம் அதைத் தின்றுவிடும்.

விலைக்கும் ஒரு வார்த்தை. 1 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு சதுர மீட்டர் எஃகு 7.85 கிலோ, அலுமினியம் 2.7 கிலோ. கிலோ விலை இரும்பைப் போல மூன்று மடங்கை எட்டும்வரை, ஒரே தடிமனில் அலுமினியம் பரப்புக் கணக்கில் விலை கூடியதல்ல. விறைப்பும் சமமாக வேண்டுமென்றால் அந்தக் கணக்கு இரண்டு மடங்கில் நின்றுவிடும். நாம் சொன்ன 3-க்கு 5 தகட்டில் மூன்றில் ஒரு பங்கு உலோகம் வெட்டி விழுந்துவிடுகிறது. முழுத் தகட்டின் விலையைக் கொடுத்துவிட்டு மூன்றில் இரண்டு பங்கை வீட்டுக்கு எடுத்துப்போகிறோம். விழுந்த துண்டுகள் யாருக்கு என்பதை இரும்பில் யாரும் கேட்பதில்லை. செம்பிலும் எவர்சில்வரிலும் கட்டாயம் கேளுங்கள்.

பித்தளையை இன்றைய இளைஞர்கள் அலங்காரப் பொருளாகவே பார்க்கிறார்கள். சிறு கண் வேலையில் அது அரசாண்ட உலோகம். முறுக்கு அச்சு, பூந்திக் கரண்டி, கும்பகோணத்துக் காபி ஃபில்டர் எல்லாம் பித்தளையில் வந்ததற்குக் காரணம், நுண்ணிய ஓட்டையும் அதில் பிசிறில்லாமல் சுத்தமாக விழும் என்பதே. புளிப்பும் உப்பும் பித்தளையில் செம்பைக் கரைக்கும் என்பதால் பழைய பாத்திரங்களுக்கு உள்ளே வெள்ளீயம் பூசுவார்கள்.

நம் வீட்டுக் காபி ஃபில்டரை ஒருமுறை உற்றுப் பாருங்கள். மேல் டப்பாவின் அடித்தட்டில் தூள் அடைத்துக்கொண்டால் அடுப்புத் தீயில் நேரே காட்டுவது பல வீடுகளில் வழக்கம். கண்ணில் சிக்கிய தூள் கருகி உதிர்ந்து வழி திறந்துவிடும். எவர்சில்வரில் அந்த இடம் முதலில் பொன்னிறமாகி, பிறகு நீலம் ஓடும். அந்த நிறம் வந்த இடத்தில் மேற்பரப்பின் குரோமியம் குறைந்திருக்கிறது. பின்னால் துருப்புள்ளி வந்தால் அங்கேதான் முதலில் வரும். வெள்ளீயம் பூசிய பித்தளையைத் தீயில் காட்டவே கூடாது. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். பூச்சு ஓடிப்போய்ச் சில கண்களையே அடைத்துவிடும். கொதிக்கும் நீரில் கொஞ்சம் சோடா மாவு போட்டு ஊறவைத்து, தூரிகையால் அடியிலிருந்து மேலாகத் தேய்த்தால் இரண்டுமே பிழைக்கும்.

சர்க்கரை ஆலைகளிலும் பித்தளைக்கு நீண்ட வரலாறு. சாற்றுப் பாகிலிருந்து படிகத்தைப் பிரிக்கும் சென்ட்ரிபியூகல் கூடையின் உட்தகடு பித்தளையிலும் செம்பிலும் வந்தது, பிறகு எவர்சில்வரிலும் வந்தது. நிற்காமல் ஓடும் புதிய இயந்திரங்களுக்கு இதுவும் போதாமல், நிக்கலை மின்முறையில் படிய வைத்து 0.06 மில்லிமீட்டர் அகல வாயுள்ள தகடுகளை வளர்த்தெடுத்து, மேலே கடினக் குரோமியம் பூசுகிறார்கள். பஞ்சே படாத சல்லடை அது. படிகம் உரசி உரசி வாய் அகன்றால் சர்க்கரை பாகோடு போய்விடும் என்பதால், அங்கே விளிம்பின் கடினம்தான் ஆலையின் லாபம்.

செம்புக்கு ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன். சான்பிரான்சிஸ்கோவின் டி யங் அருங்காட்சியகம், 2005-இல் திறந்தது. வடிவமைத்தவர்கள் ஹெர்சாக், டி மூரோன் என்ற சுவிட்சர்லாந்துக் கட்டடக் கலைஞர்கள். மர இலைகளுக்கிடையே ஒளி விழும் புகைப்படத்தைப் புள்ளிகளாக்கி, ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட செம்புத் தகடுகளில் ஓட்டையாகவும் குழியாகவும் அடித்துக் கட்டடம் முழுக்கப் போர்த்தினார்கள். கடல் பனிக்காற்றில் செம்பு மெல்லப் பழுப்பாகிப் பச்சையாகும், பூங்காவோடு கலந்துவிடும் என்று தெரிந்தே தேர்ந்தெடுத்தார்கள். உலோகத்தின் மாற்றத்தையே வடிவமைப்பாகக் கொண்ட அந்தத் துணிவு எனக்கு மிகவும் பிடிக்கும். செம்பில் ஒரு கட்டுப்பாடு: செம்பின் மேல் ஓடிய மழைநீர் கீழே உள்ள அலுமினியத்திலோ ஜிஐயிலோ விழக் கூடாது. நீரோடு வரும் செம்பு அவற்றை அரித்துக் குழியாக்கிவிடும்.

இதுவரை பெரும்பாலும் துருவைப் பற்றியே பேசினேன். பல ஆலைகளில் எதிரி துருவல்ல, தேய்மானம். நெல் உமியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சிலிக்கா இருக்கிறது; மணலின் பொருள். அது நாள் முழுக்க உரசும் இடத்தில் 304 எவர்சில்வருக்கு, எம்எஸ்ஸைவிடக் கொடுத்த விலைக்கேற்ற அளவு கூடுதல் ஆயுள் கிடைக்காது. கார்பன் கூடிய எஃகைக் கடினப்படுத்திப் போடுவதே சரி. நாமக்கல் பக்கத்துக் கோழித்தீவன ஆலைகளில் மக்காச்சோளம் அரைக்கும் ஹாமர் மில் சல்லடையைக் கழற்றி வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணிலும் ஒரே பக்கத்து விளிம்பு மட்டும் உருண்டு தேய்ந்திருக்கும். சுத்தியல் சுழலும் திசையை அது காட்டும். எதிர்ப்பக்கம் கூர்மையாகவே இருக்கும். அங்கே விளிம்பும் தானியத்தை வெட்டுகிறது; மழுங்கினால் அரைவை குறையும், மின்சாரம் கூடும். சல்லடையை முனை மாற்றிப் போட்டால் கூர்மையான பாதி வேலைக்கு வரும். புதிய தகடு வாங்கும் முன் இதைச் செய்யாதவர்கள் பாதி ஆயுளைப் பழைய இரும்புக் கடையில் போடுகிறார்கள்.

கடைசியாக ஆர்டர் எழுதும் முறை. "16 கேஜ்" என்று எழுதாதீர்கள். 16 கேஜ் என்பது எஃகுத் தகட்டின் அமெரிக்க அட்டவணையில் 1.52 மில்லிமீட்டர், எவர்சில்வரில் 1.59, அலுமினியத்தில் 1.29, நம் ஊரில் புழங்கும் பிரிட்டிஷ் அளவில் 1.63. விற்பவர் எந்த அட்டவணையை நினைக்கிறாரோ அதுதான் உங்களுக்கு வரும். மில்லிமீட்டரில் எழுதுங்கள். உலோகத்தின் பெயரோடு ரகத்தையும் எழுதுங்கள்: எவர்சில்வர் என்று மட்டும் எழுதினால் எது வேண்டுமானாலும் எவர்சில்வர்தான். ஓட்டையின் அளவு, மையத்துக்கு மையம் இடைவெளி, வரிசை நேரா நெருக்கலா, நான்கு ஓரமும் எவ்வளவு வெறுமையாக விட வேண்டும் என்பதையும் எழுதுங்கள். வளைக்கப் போகிறீர்கள் என்றால் பிசிறுப் பக்கம் உள்ளே வர வேண்டுமா வெளியே வர வேண்டுமா என்று குறியுங்கள். வெளியே இருந்தால் வளைவில் அங்கேயே விரிசல் விடும். ஜிஐ என்றால் பூச்சு ஓட்டைக்கு முன்னா பின்னா, சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று கேளுங்கள். தகட்டை லெவலிங் உருளையில் விட்டுச் சமன்செய்து தர வேண்டும் என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள்; ஓட்டை போட்ட தகடு தானாக வில்லாக வளையும், அதிலும் எவர்சில்வர் மிகவும் பிடிவாதம் பிடிக்கும். எங்கே பொருத்தப் போகிறீர்கள், மேலே என்ன விழும், எதைக் கொண்டு கழுவுவீர்கள் என்பதையும் ஒரு வரியில் எழுதிவிட்டால், நல்ல பட்டறைக்காரர் நீங்கள் கேட்ட உலோகம் தவறாக இருந்தால் அடிக்கும் முன்பே போன் செய்துவிடுவார்.